ஓரம் கலைந்த முதலாளி

வடக்களத்தில் எஸ்கலின் முதன்முதலாக ஒரு பறவையைத் துல்லியமாகப் படம் எடுத்த காலையில், அந்தப் பறவையின் ஓரங்கள் கலைந்துபோயின. சிவந்த நெட்டைக் கால்களோடு உப்புப் பாத்தியில் நின்ற உள்ளான் அது. கேமராவின் சின்னத் திரையில் அதன் ஒவ்வொரு இறகும், கண்ணைச் சுற்றிய வளையமும், அலகு நுனியில் தொங்கிய ஒரு சொட்டு உப்புநீரும் எண்ணி எடுக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் பாத்தியில் நின்றதோ ஈரக்கையால் தடவிவிட்ட கோலம் மாதிரி ஏதோ கறுப்பும் வெள்ளையும் சிவப்பும். அது பாட்டுக்குப் புழுவைக் கொத்தித் தின்றது, அது பாட்டுக்குப் பறந்தும் போனது. எஸ்கலின் ஆச்சரியப்படவில்லை. புருஷன் செத்த ஒன்றரை வருஷத்தில் ஆச்சரியப்படுகிற தெம்பையெல்லாம் அவள் செலவழித்துத் தீர்த்திருந்தாள். பறவைக்கு ஆனது மனுசனுக்கும் ஆகுமா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

அவள் புருஷன் சவரிராயன், தாசையா முதலாளியின் உப்பளத்தில் பதினோரு வருஷம் பம்பு ஓட்டியவன். நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிற அந்த பம்பின் வயர் தோல் உரிந்து கிடக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று அவன் எட்டு மாதமாகச் சொல்லி, எட்டு மாதமும் முதலாளி சரி சரி என்று தலையாட்டி, ஒன்பதாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வயரே அவனைப் பிடித்துக்கொண்டது. விசாரணை நடத்திய உப்பு இலாகா அதிகாரியின் மேசைக்கு முன்னால் தாசையா வெள்ளைச் சட்டையும் சட்டைப்பையில் தங்க மூடிப் பேனாவுமாக நின்று, “இப்படி ஒரு ஆளு என் அளத்துல வேல பாத்ததே இல்ல சார், வழியில போனவன் என்னத்தையோ தொட்டிருக்கான்” என்றார். பதிவேட்டில் சவரிராயன் பெயர் இல்லை. ஏனென்றால் தாசையா யார் பெயரையும் எழுதியதில்லை, ஏ பம்பு, ஏ பலகை, ஏ கூடை என்று கூப்பிட்டே காலம் தள்ளியவர். கூட வேலை பார்த்த பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டபோது, பன்னிரண்டு பேரும் தங்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டு தெரியாது சார் என்றார்கள்.

எஸ்கலினிடம் ஒரு படம் இருந்தது. மதியச் சோறு கொண்டுபோன ஒரு நாள், ரோட்டில் நின்றபடி போனில் ஜூமை இழுத்த மட்டும் இழுத்து எடுத்தது: பம்புப் பக்கத்தில் குனிந்திருக்கும் சவரிராயன், அவனுக்கு மேலே குடை பிடித்து நின்று ஏதோ ஏவுகிற தாசையா. அதிகாரி அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார், பிறகு மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினார்.

“ரெண்டு ஆம்பளைங்க நிக்கிறாங்கன்னு மட்டும்தான்மா தெரியுது. இது உங்க வீட்டுக்காரராவும் இருக்கலாம், வேற யாராவும் இருக்கலாம். கிட்டத்தட்டன்னு எல்லாம் நான் எழுத முடியாது.”

அன்றைக்கு அந்த அறையை விட்டு வெளியே வரும்போது எஸ்கலின் அழவில்லை, சபிக்கவுமில்லை. இந்த மேசைக்கு முன்னால் இந்த ஆளும் ஒரு நாள் நிற்கவேண்டும், இவன் யார் என்றே தெரியவில்லை என்று எல்லோரும் சொல்லவேண்டும், சவரிராயன் என் அளத்தில்தான் வேலை பார்த்தார் என்று இவன் வாயாலேயே வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மறுவாரமே தாலிக்கொடியை விற்று, தூத்துக்குடியில் பழைய கேமரா விற்கிற கடையில் ஒரு கேமராவும், முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸும், கால் ஒன்று கொஞ்சம் ஆடுகிற ஒரு முக்காலியும் வாங்கிவந்தாள். ஊர் உச்சுக்கொட்டியது. புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்றார்கள்.

புத்தி தெளிவாகத்தான் இருந்தது, படம்தான் தெளியவில்லை. கை நடுங்கினால் படம் நடுங்கும் என்பதை முதலில் கற்றாள், லென்ஸ் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்கு நடுக்கமும் பெருகும் என்பதை அடுத்துக் கற்றாள். ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் திறந்து மூடிவிடவேண்டும் என்பதையும், முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலைக் குத்தாமல் மெல்ல இறக்கவேண்டும் என்பதையும், ஃபோகஸ் புள்ளி கண்ணின் மேல்தான் உட்காரவேண்டும், கண் தெளியாத படம் எது தெளிந்தாலும் படமில்லை என்பதையும், வெயில் ஏறிவிட்டால் பாத்திகளிலிருந்து எழும்புகிற கானல் எவ்வளவு நல்ல லென்ஸையும் ஏமாற்றிவிடும், ஆகவே எல்லாவற்றையும் காலை ஏழரைக்குள் முடித்துவிடவேண்டும் என்பதையும் பூநாரைகளையும் உள்ளான்களையும் எடுத்து எடுத்தே கற்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். ஆயிரக்கணக்கில் படங்கள் குழைந்தே வந்தன, அத்தனை பறவைகளும் முழுசாகப் பறந்துபோயின. அந்த உள்ளான்தான் முதலில் தெளிந்தது.

மனுசனில் முதலில் தெளிந்தவர் டீக்கடை அருளப்பன். ஒரு காலையில் அவர் பாலை ஆற்றிக்கொண்டே ரோட்டைப் பார்த்து ஒரு கணம் நின்றபோது எஸ்கலின் சோதனையாக ஒன்றை எடுத்தாள். அடுத்த கிளாஸை வாங்க வந்தவர் கையை நீட்டினார், அருளப்பனின் கை எங்கே முடிகிறது என்று தெரியாமல் டீ மேசையில் சிந்திற்று.

“என்ன அண்ணாச்சி, காலையிலேயே கலங்கித் தெரியுதிய?”

“எனக்கென்ன தெரியும். கண்ணாடியில பாத்தா மீசையைக் காணல. இருக்கு, தொட்டா இருக்கு.”

இரண்டு நாள் அப்படியே வியாபாரம் நடந்தது. குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டார்கள், கிளாஸை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் எஸ்கலின் போய் விஷயத்தைச் சொல்லிக் கேமராவைக் கொடுத்தாள். அருளப்பன் தானே படத்தை அழித்துப் பார்த்தார், அது அழியவில்லை. எடுத்த விரலே அழித்தால்தான் அழியும் என்று தெரிந்தது. அவள் அழுத்தியதும் மீசை முதலில் வந்தது, பிறகு காது. அவர் அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்து, இனிமேல் எடுக்கணும்னா சொல்லிட்டு எடு, கடை நேரம் என்றார்.

ஊர் இதை மின்வெட்டை ஏற்றுக்கொண்ட மாதிரி ஏற்றுக்கொண்டது. ஏன் ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை, எப்படிச் சமாளிப்பது என்றுதான் கேட்டார்கள். அசைந்தால் தப்பிக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்கலின் தெருவில் இறங்கினால் போதும், குழாயடியில் பெண்கள் குடத்தோடு சேர்ந்து ஆடினார்கள், தபால்காரர் தலையை ஆட்டிக்கொண்டே மணியார்டரில் கையெழுத்து வாங்கினார், கோயிலில் மண்டியிட்டிருந்தவர்கள் தோளைக் குலுக்கிக் குலுக்கி ஜெபமாலை சொன்னார்கள், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ் இது என்னவோ நரம்புக் கோளாறு என்று முடிவுகட்டி வீடு வீடாகச் சத்து மாத்திரை கொடுத்தாள். பங்குச்சாமி ஞாயிறு பூசையில், ஓரம் கலைந்தவர்களும் நன்மை அப்பம் வாங்கலாம், நாக்கை மட்டும் நன்றாக நீட்டவேண்டும், இல்லாவிட்டால் தனக்கு இடம் தெரியாது என்று அறிவித்தார். பொண்ணு பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் ஊரே இல்லை இல்லை என்று தலையாட்டுவதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு திரும்பிப்போன சம்பவமும் ஒன்று உண்டு.

சிலர் கேட்டும் வந்தார்கள். மேலத் தெரு பாக்கியத்தம்மாள் ஒரு விடிகாலையில் முறுக்குச் சட்டியோடு வந்து உட்கார்ந்தாள்.

“எளா எஸ்கலினு, எங்க வீட்டுக்காரர ஒரு பத்து நாளைக்கு எடுத்து வையி. அந்த மூஞ்சி தெளிவாத் தெரியாம இருந்தா நான் நிம்மதியாச் சோறு திங்கேன்.”

எஸ்கலின் எடுத்தாள். முறுக்குவதற்கு மீசை அகப்படாமல் அந்த மனிதர் பத்து நாளும் அதட்டலை மறந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள் அழித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு யார் கேட்டும் எடுக்கவில்லை. அவள் கை ஒரே ஒரு முகத்துக்காகக் காத்திருந்தது, அதை வேறு எதிலும் வீணாக்க அவளுக்கு மனசில்லை.

அந்த முகம் ஏமாளி இல்லை. சேதி காதில் விழுந்த நாளிலிருந்து தாசையா அளத்துக்கு உச்சிவெயிலில் மட்டுமே வந்தார். அந்நேரம் கானல் பாத்திக்கு மேலே தண்ணீராக நெளியும், அதற்குள்ளே அவர் குடையோடு நடப்பதை எஸ்கலினின் லென்ஸ் ஒரு வெள்ளைப் புகையாகத்தான் பார்த்தது. காருக்குக் கறுப்புக் கண்ணாடி ஒட்டினார். கோயிலுக்குப் போனால் நாலு ஆள் சுற்றி நின்று விசிறினார்கள். “பம்புக்காரன் பொண்டாட்டி இன்னும் அலையுதாளா?” என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்பார், அலையுதா முதலாளி என்று அவர் சொன்னால், அலையட்டும் என்று சிரிப்பார்.

ஆனால் வருஷத்தில் ஒரு காலை அவரால் அசையாமல் இருந்தே ஆகவேண்டும். மழை விட்டுப் புது உப்பு முதன்முதலாக வாருகிற நாளில், சூரியன் எழும்புகிற நேரத்தில், முதல் பாத்தியில் முதலாளி செருப்பில்லாமல் இறங்கிக் கைகூப்பிக் கண்மூடி நிற்பார், கோயில் உபதேசியார் வரப்பில் நின்று ஜெபம் சொல்லுவார். ஆமென் வரைக்கும் முதலாளி அசையக்கூடாது. அசைந்தால் தண்ணீரும் அசையும், அந்த வருஷம் உப்பு படியாது. தாசையாவின் அப்பா ஒரு தடவை ஈயை விரட்டப்போய் ஆறு மாசம் பாத்தி வெறும் தண்ணீராகக் கிடந்ததை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் வருஷம் எஸ்கலின் ரோட்டோரம் முக்காலியை ஊன்றி, ஆடுகிற காலுக்கு உப்பு மூட்டையை முட்டுக்கொடுத்து, லென்ஸை முழுக்க நீட்டி, தாசையாவின் மூடிய கண்ணின் மேல் புள்ளியை வைத்து அழுத்தினாள். ஒரே ஒரு தப்பு செய்துவிட்டாள். கை நடுக்கத்தை அடக்குகிற சுவிட்ச் ஒன்று அந்த லென்ஸில் உண்டு; கையில் பிடிக்கிறபோது அது தெய்வம், முக்காலியில் வைத்தால் அணைத்துவிடவேண்டும். அவள் அணைக்கவில்லை. அசையாமல் நின்ற லென்ஸ் இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே ஊர்ந்தது, கண்ணில் உட்கார்ந்த புள்ளி நழுவி சட்டைப்பைக்கு இறங்கிவிட்டது. அன்று மத்தியானம் கணக்குப்பிள்ளை அவள் வாசலில் வந்து நின்றார்.

“முதலாளி பேனா மட்டும் கலங்கிப்போச்சு. புதுப் பேனா வாங்கிட்டாவ. அதையும் எடுக்கணுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ.”

கதவைச் சாத்திக்கொண்டு எஸ்கலின் அன்றைக்குத்தான் அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்த சுவிட்சுக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி அதை அணைத்த நிலையிலேயே நிறுத்தினாள். ஒரு வருஷம் முழுக்கத் தினம் காலையில் அதே ரோட்டோரத்திலிருந்து அதே பாத்தியில் ஒரு மண்பானையை வைத்து எடுத்துப் பழகினாள். அப்போது இன்னொன்றும் தெரிந்தது. லென்ஸை முழுக்க நீட்டினால் கடைசிக் கொஞ்சத்தில் அது சோர்ந்துபோகும், பானையின் விளிம்பு மெழுகாக வரும். கொஞ்சம் சுருக்கினால்தான் கூர்மை. சுருக்கவேண்டுமானால் கிட்டே போகவேண்டும். கிட்டே என்றால் ரோட்டை விட்டு இறங்கி, வரப்பில் நடந்து, நாற்பது எட்டு எடுத்து வைத்து, எல்லார் கண்ணும் பார்க்க.

இரண்டாம் வருஷம் நடந்தாள். சூரியன் பாதி எழும்பியிருந்தது, கானல் பிறக்கவில்லை, காற்று அடங்கியிருந்தது. உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கினார். முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு எஸ்கலின் வரப்பில் வந்தபோது, அன்றைக்கு மேசைக்கு முன்னால் தெரியாது என்று சொன்ன அதே பன்னிரண்டு பேரும் பலகையும் கூடையுமாக வரிசையாக நின்றார்கள். ஒரு சத்தம் போட்டிருந்தால் தாசையா கண் திறந்திருப்பார். பன்னிரண்டு பேரும் தங்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டு வழிவிட்டார்கள். உப்புநீர் அவள் குதிகால் வெடிப்பில் ஏறி எரிந்தது. முக்காலியை ஊன்றினாள், லென்ஸின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்தாள், அதன் வெளிச்சத் துவாரத்தையும் இரண்டு படி சுருக்கினாள், மூச்சைப் பாதி விட்டாள்.

அப்போது தாசையா கண்ணைத் திறந்தார். நேர் எதிரே கறுப்பு லென்ஸ், அதன் பின்னால் அவள். ஆமென்னுக்கு இன்னும் ஏழெட்டு வரி இருந்தது. அசைந்தால் உப்பு போகும், ஆட்கள் முன்னால் மானம் போகும். அசையாவிட்டால் என்ன போகும், போன வருஷம் போனது ஒரு பேனா. அவர் அசையவில்லை. பம்புக்காரன் பொண்டாட்டிக்கு இவ்வளவுதான் முடியும் என்று உதட்டோரத்தில் ஒரு சிரிப்பைக்கூட வைத்துக்கொண்டார். எஸ்கலின் புள்ளியை அவர் திறந்த கண்ணில் வைத்து விரலை இறக்கினாள்.

படம் தெளிந்தது. இமை முடி ஒவ்வொன்றும், கண்பாவைக்குள்ளே அவளுடைய சின்ன உருவமும், அந்தச் சிரிப்பும். பாத்தியில் நின்றது ஒரு வெள்ளைக் குழைவு. உபதேசியார் ஆமென் சொன்னார், ஆட்கள் உப்பு வாரத் தொடங்கினார்கள். அந்த வருஷம் வடக்களத்தில் உப்பு நன்றாகவே விளைந்தது.

வீட்டில் தாசையாவின் சம்சாரம் சோற்றை இலையில் வைத்தாளா அவர் மடியில் வைத்தாளா என்று தெரியாமல் திணறினாள். நாவிதர், கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கத்தி வைக்கமாட்டேன் என்று பெட்டியை மூடினார். சொந்த நாய் குரைத்தது. முதலில் மிரட்டி ஆள் அனுப்பினார், அழிக்கிற விரல் அவளுடையது என்பதால் வந்த ஆள் அவள் விரலுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று பயந்து பயந்து பேசிவிட்டுப் போனான். பிறகு கெஞ்சி ஆள் அனுப்பினார். எஸ்கலின் இரண்டு ஆளையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள். அளத்தின் குத்தகை அந்தப் பங்குனியோடு முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். புதுப்பிக்க முதலாளி நேரில் வரவேண்டும், இவர்தான் அவர் என்று தெரிந்தவர்கள் சொல்லவேண்டும்.

அதே அறை, அதே மேசை, அதே அதிகாரி. தாசையா பழைய படங்களையும் அட்டைகளையும் கொண்டுவந்து பரப்பினார். அதிகாரி ஒவ்வொன்றையும் எடுத்து எதிரே நின்ற குழைவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

“குரல் கிட்டத்தட்ட அவர் குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா கிட்டத்தட்டன்னு நான் எழுத முடியாதுங்க. தெரிஞ்சவங்க யாராவது சொல்லட்டும்.”

பன்னிரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் ஆள் தலை நிமிர்ந்து நேராகப் பார்த்து, “தெரியாது சார்” என்றான். இரண்டாவது ஆள் தெரியாது சார் என்றான். பன்னிரண்டாவது ஆள் சொல்லி முடிக்கும்போது தாசையாவின் குழைவு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தது. கதவோரம் கேமராவோடு நின்ற எஸ்கலினுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மூன்று வருஷம் கண்ணெரிய வெள்ளை உப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், இது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

“எம்மா,” என்றது குழைவு. “அந்தப் படத்தை அழிச்சிரு தாயி. உன் புருஷன் என் அளத்துலதான் வேல பாத்தான்னு எழுதித் தாரேன். சார் முன்னாலயே எழுதித் தாரேன்.”

எஸ்கலின் மேசைக்கு வந்தாள். கேமராவைத் திறந்து திரையில் அந்தப் படத்தைக் கொண்டுவந்தாள். அழிக்கிற பொத்தானின் மேல் விரலை வைத்தாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

“எழுதும்,” என்றாள். “பேரைச் சொல்லி எழுதும்.”

புதுப் பேனாவின் மூடி திறந்தது. அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். பேனா தாளுக்கு மேலே வந்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பதினோரு வருஷம் அந்த வாய் கூப்பிட்டது ஒரே ஒரு பெயர், அது பம்பு. சுவரோரம் நின்றவர்களில் ஒருவன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். கடைசியில் குழைவிலிருந்து குரல் வந்தது.

“சவரி... சவரிமுத்து.”

எஸ்கலின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

“கிட்டத்தட்டச் சரிதான்,” என்றாள். “கிட்டத்தட்டச் சரியா இருந்த ஒரு படத்தை இதே மேசையிலதான் என் பக்கம் தள்ளுனாவ.”

கேமராவை அணைத்தாள், லென்ஸுக்கு மூடியைப் போட்டாள், பையின் ஜிப்பை இழுத்தாள். அதிகாரி எழுதாத தாளை எடுத்து மறுபடி கட்டோடு வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். வெளியே வெயில் ஏறிவிட்டிருந்தது. அவள் ரோட்டைத் தாண்டி அருளப்பன் கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னாள், முதல் வாயிலேயே இனிப்பு தெரிந்தது, முழுக் கிளாஸையும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.